டயரை உட்காரவைத்த சவரிமுத்து அண்ணன்

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளுக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தபோது சவரிமுத்து அண்ணனின் மகள் ஸ்டெல்லா போனில் அழைத்தாள். "மிஸ்ஸி, அப்பா போயிட்டாங்க." ஒரு மணி நேரத்துக்கு முன்புதான், "ரிம்முல டயர் மட்டும் ஒக்காந்துட்டா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றிருந்தாள். அடுத்த குழந்தையின் நிறையை எழுதினேன்.

எங்கள் தோட்டத்து வேனை ஓட்டியவர் அவர், நான் மருத்துவமாது. பிரசவத்துக்குப் போகும் பெண்களுக்கு எங்கள் இருவரையும் விட்டால் ஆளில்லை. அந்த வேனில் மாற்று டயர் என்பது பேருக்குத்தான். ஒருமுறை கொத்மலைப் பக்கம் ஒரு வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது உங்களில் சிலருக்கு ஞாபகமிருக்கும். உள்ளே பிரசவத்துக்கு ஏற்றிவந்த சரோஜா வலியில் துடிக்கிறாள். அடித்த காற்றெல்லாம் இடுக்கு வழியே வெளியே போகிறது. பெற்றோல் ஊற்றிக் கொளுத்தினால் டயர் ரிம்மில் ஏறிவிடும் என்றான் வழியில் நின்ற ஒருவன். "உள்ள ரெண்டு உசுரு இருக்கு, நீ தீப்பெட்டியத் தூக்கிட்டு வர்றியா?" என்று பாய்ந்தார் அண்ணன். கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்களிடம் கூடைக் கயிறுகளை வாங்கி முடிந்து, டயரைச் சுற்றிக் கட்டி, டயரின் ஓரம் ரிம் பக்கம் பிதுங்கக் கம்பியை நுழைத்து முறுக்கினார். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று வைத்திருந்த சவர்க்காரத்தை நுரைத்து ரிம் ஓரத்தில் பூசினார். நான் டயரைத் திட்டினேன். "திட்டாதீங்க மிஸ்ஸி. அது எங்க போகும்? ரிம்முலதான் வந்து ஒக்காரணும்." உட்கார்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆண் பிள்ளை பிறந்தது.

சென்ற வாரம் வாய் ஒருபக்கம் இழுத்துப் பேச்சு நின்றுபோன அண்ணனை ஏற்றிச் சென்ற அதே வேனுக்கு மறுபடியும் அதே கதிதான். ஓட்டியவர் புதியவர். கயிறு, கம்பி, சவர்க்காரம் எல்லாம் போனிலேயே சொன்னேன். அவர்களும் செய்தார்கள். டயர் ஏறவில்லை. வேறு வாகனம் வந்தபோது நேரம் கடந்துவிட்டது.

சாவு வீட்டில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா சக்கரத்துப் பக்கம் கைய நீட்டி, ரெண்டு விரல இப்பிடித் திருகிட்டே இருந்தாங்க மிஸ்ஸி. தண்ணிப் போத்தலத் தொறக்கச் சொல்றாங்கன்னு நெனச்சு வாய நனைச்சேன்."

பக்கத்தில் நின்ற ஹட்டன் டயர் கடைக்காரர் அதைக் கேட்டுத் தலை குனிந்தபடி சொன்னார். காற்றடிக்கும் வாயிலுள்ள சின்ன ஊசியைத் திருகிக் கழற்றிவிட்டு அடித்தால்தான் காற்று ஒரேயடியாகப் பாயுமாம். அண்ணன் எப்போதும் அப்படித்தான் செய்வாராம்.

அன்று வளைவிலும் செய்திருப்பார். என் கண் சரோஜாவின் வயிற்றிலேயே இருந்தது. அது என் வேலைதான். ஆனாலும் மனம் ஆறவில்லை. அவருடையதாக என்னிடம் இருப்பது, நான் பார்க்காமல் விட்ட அந்த இரண்டு விரல்கள். இப்போது வேனில் ஏறும்போதெல்லாம் என் விரல்கள் தாமாகவே காற்றில் திருகுகின்றன.