அறைக்கொரு சிரிப்பு

துபாயில் இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய எனக்கு, முன்பின் தெரியாதவர் சிரித்துக்கொண்டே வரவேற்றால் முதலில் சந்தேகம்தான் வரும். ஒருமுறை மாலில் "உங்களுக்கு கிஃப்ட் விழுந்திருக்கு" என்று கூப்பிட்டு, ஜூஸ் கொடுத்து உட்காரவைத்து, பணம் கட்டி ஹாலிடே கிளப்பில் சேரும்வரை எங்களை எழுந்திருக்கவே விடவில்லை. அந்த கிஃப்ட் இன்றுவரை வந்து சேரவில்லை.

அதனால் போன கோடை லீவில், இங்கிலாந்தில் ஒரு பழைய பிரபுவின் மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, அறைக்கு ஒரு பெரியவர் சிரித்தபடி நின்றது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சம்பளம் வாங்காமல், ஆசைக்காக வந்து நிற்கிறார்களாம். கணவர் சொன்னார். இவர் எதைத்தான் நம்பமாட்டார்? அன்றைக்கு கிளப்பில் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான்.

கட்டில், நாற்காலி, கண்ணாடி அலமாரி என்று எல்லாவற்றுக்கும் முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். கூடத்தில் இருந்த பெரிய பியானோவுக்கு மட்டும் கயிறு இல்லை. 'தயவுசெய்து வாசியுங்கள்' என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டை வேறு. பக்கத்தில் நின்ற பெரியவர் என் மகளைப் பார்த்து, வாசிக்கிறாயா என்று கேட்டார்.

அவள் முகம் மலர்ந்ததும் எனக்குத் திக்கென்றது.

"தொடாத. அப்புறம் எதையாவது நம்ம தலையில கட்டிடுவாங்க."

"அம்மா, ப்ளீஸ். ஜஸ்ட் ஒன்ஸ்."

அவளுக்கு வாசிக்கத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். துபாயில் எங்கள் கராமா ஃபிளாட்டில், சுவரைத் தட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து, கீபோர்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டுதான் வாசிப்பாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்பதெல்லாம் கட்டைகளின் டொக் டொக் சத்தம்தான். ஒழுங்காகத்தான் கற்றுக்கொள்கிறாளா என்று டீச்சரிடமே போய் விசாரித்திருக்கிறேன்.

கணவர் தலையாட்ட, அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூடம் முழுக்க இசை எழுந்தது. மெதுவான பாட்டு, எங்கும் தடுமாறாமல் போயிற்று. அடுத்த அறையில் இருந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் அவளுக்கு நன்றி சொன்னார், அவ்வளவுதான். எதையும் விற்கவில்லை.

நான் அவள் பக்கத்தில் போனேன். "இதெல்லாம் எப்படீ கத்துக்கிட்ட? எனக்குத் தெரியவே இல்லையே" என்றேன்.

"டெய்லி இதானேம்மா வாசிக்கிறேன்" என்றாள். "நீயும் பக்கத்துலதானே இருப்ப."