எங்கள் மாமா ஓரினம் இல்லை

என் அம்மாவின் தம்பி மாநிலக் காற்பந்துக் குழுவின் கோல்காவலர். சம்பளத்துக்கு விளையாடுபவர். கிள்ளானில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். அவரோடு கடைக்குப் போனால் எனக்கும் ஐஸ் மைலோ பானம் இலவசம். ஆகவே பிள்ளைகளே, மாமா மேல் எனக்கிருந்த பாசத்தில் கொஞ்சம் மைலோவும் கலந்திருந்தது.

ஒருநாள், வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் தான் ஆண்களை நேசிக்கிறவர் என்று வெளிப்படையாகச் சொன்னாராம். நிருபர் ஒருவர் அதைப் பற்றி மாமாவிடம் கருத்துக் கேட்க, அவர் "நானும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் நான் பிற்பாடு அறிந்தது. அன்று நான் பார்த்தது தமிழ்ப் பத்திரிகையின் தலைப்பை மட்டும்தான்: 'நான் ஓரினச்சேர்க்கையாளர்.'

இந்த நாட்டில் இனம் என்றால் என்ன? மலாய்க்காரர், சீனர், இந்தியர். மூவின ஒற்றுமை பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவன் நான். தன் இனத்தாரோடு மட்டும் சேருகிறவர் என்று நானே பொருள் செய்துகொண்டேன். மாமாவைப் போய் இப்படிப் பொய்யாக எழுதிவிட்டார்களே என்று கோபம் வந்தது.

ரொட்டி சானாய் வாங்கப் போன கடையில், சுவரில் எப்போதும் மாட்டியிருக்கும் மாமாவின் படத்தைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது. நாலைந்து பேர் பத்திரிகையை விரித்து வைத்திருந்தார்கள்.

"கோல் போட்டா ஓடி வந்து கட்டிப் பிடிப்பான்ல, அது இதுக்குத்தானா?" என்றார் ஒருவர்.

நான் முன்னால் போய் நின்றேன். "பேப்பர்ல பொய் போட்டிருக்காங்க அங்கிள். எங்க மாமா ஓரினம் இல்ல. மலாய்க்காரங்க, சீனவங்க, எல்லார்கூடயும் சேருவாரு."

ஒருவருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. "கேட்டீங்களா அண்ணே, மூணு இனமுமாம் லா."

மாமாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குழு மேலாளர் போன் செய்திருந்தார். செய்தியை மறுத்தால் சனிக்கிழமை ஆடலாம். இல்லையென்றால் இனி வரவே வேண்டாம்.

"நிருபர் தப்பா எழுதிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவ்வளவுதானே," என்றார் அப்பா.

"சரியாத்தான் எழுதியிருக்காரு மச்சான்."

அதன்பின் அப்பா மாமாவோடு பேசவில்லை. அம்மா இருவருக்கும் வேறு வேறு நேரத்தில் சோறு போட்டார்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு அங்கிள் தன் மகனோடு என்னையும் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். மாமா நின்ற இடத்தில் புதிதாக ஒருவர் நின்றார். அவர் பந்தைக் கோட்டைவிட்டதும் பின்னாலிருந்து யாரோ மாமாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அடுத்த முறை நூறு பேர். எதிரணிக் கோல்காவலர் தடுமாறியபோதும் அதே பெயர்தான். ஆட்டம் முடிவதற்குள் அரங்கம் முழுக்கக் கைதட்டி, தாளம் போட்டு, மாமாவின் பெயரைக் கத்தியது. நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். மாமா தனியாக உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ஸ்டேடியம் முழுக்க உங்க பேருதான். எல்லாரும் உங்களத்தான் கூப்பிடுறாங்க."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "எப்பப்பா கூப்பிட்டாங்க?"

"கோல்கீப்பர் பந்த விடும்போதெல்லாம். அங்கிட்டு உள்ளவரு விட்டாலும் உங்க பேருதான். சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டாங்க மாமா."

அம்மா அடுப்படிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். மாமா என் தலையைத் தடவினார். பிறகு எழுந்துபோய்த் தன் கையுறைகளை எடுத்து, வாசலிலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டு மூடினார். மறுநாள் தொலைவில் செமினி என்ற ஊரில் ஏதோ ஓர் அறை பார்த்துப் போனவர், பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

அத்தனை ஆயிரம் பேர் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, அவர் ஏன் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.