நிலப்பன்றிக்குப் போன சனிக்கிழமை

அந்த வருசம் நான் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்டிக் பக்டறியில் நின்றேன். அதற்கு முதல் மூன்று நாடுகளில் கோப்பை கழுவியிருந்தேன், ஒன்றில் விசா இல்லாமல் பிடிபட்டு மறியலிலும் இருந்தேன். பக்கத்து மெஷினில் வேலை செய்தவர் கனடாவின் நடுப்பகுதியில், கோதுமை விளையும் ஊரொன்றில் பிறந்த வெள்ளைக்காரர். ஐம்பது வயது தாண்டியவர். சாப்பாட்டு நேரத்தில் அவர் கதைப்பதெல்லாம் கோஃபர் சுடுவதைப் பற்றித்தான்.

கோஃபர் என்றால் என்னவென்று கேட்டேன். மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும், மாடு அதற்குள் காலை விட்டு முறித்துக்கொள்ளும், அதனால் பண்ணைக்காரர் சுட விடுவார்கள் என்றார். "இந்தப் பக்கத்தில இருக்கிறது வேற சாதி. அதிலும் பெரிசு. கிரவுண்ட்ஹொக் எண்டு சொல்லுவினம்."

கிரவுண்ட் என்றால் நிலம். ஹொக் என்றால் பன்றி. எட்டாம் வகுப்போடு நின்ற என் இங்கிலீசுக்கு அது போதும். வாற சனிக்கிழமை சுடப் போவதாகச் சொன்னார். நானும் வரலாமா என்று கேட்டேன். அவர் ஓம் என்றார்.

மல்வேர்னில் ஒரு பேஸ்மென்டில் நாலு பேர் இருந்தோம். எங்களில் மூத்தவர் வன்னிப் பக்கத்து அண்ணை. காட்டுப்பன்றிக் கறி என்றால் உயிரை விடுவார்.

"சனிக்கிழமை பன்றி வேட்டைக்குப் போறன்" என்றேன்.

"ஆர், நீயோ? உன்னைக் கண்டால் பன்றி சிரிக்கும்."

"நான் சுடேல்லை அண்ணை. வெள்ளைக்காரர் சுடுவார். நான் பாக்கப் போறன்."

"பாத்திட்டு வெறுங்கையோட வராதை. ஒரு தொடையெண்டாலும் கேள்."

வெள்ளிக்கிழமை பின்னேரமே அவர் மல்லியும் மிளகும் பெருஞ்சீரகமும் வறுக்கத் தொடங்கிவிட்டார். புகை அலாரம் கத்தியது. மேல்வீட்டு அன்ரி படியில் பாதி இறங்கி, "என்ன தம்பிமார், வீடு பத்துதோ?" என்றா.

"இல்லை அன்ரி, பன்றி வருது" என்றார் அண்ணை.

காலையில் பெரிய கறுப்புக் குப்பைப் பைகள் இரண்டை மடித்து ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ட்ரக்கில் ஏறினேன். நானூற்றியொன்று ஹைவேயில் அஜக்ஸ் தாண்டி வடக்கே திரும்பியதும் அவர் கதையைக் குறைத்துக்கொண்டார். வழமையாக அவரைச் சுடவிட்ட பண்ணைக்காரர் மாரியில் செத்துப்போனார். இனி முடிவு செத்தவரின் மனிசியின் கையில். அவ இல்லையென்றால் இல்லைதான். வெள்ளைக்காரருக்கு வேறு பண்ணை எதுவும் தெரியாது. அவர் முகம் வழித்திருந்தார், இஸ்திரி போட்ட சேட்டு. எனக்கு இது புதினமாக இருந்தது. எங்கள் ஊரில் துவக்கோடு வந்தவர்கள் எந்தப் பக்கத்து ஆட்களென்றாலும் வேலியைப் பிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். லைசென்சும் துவக்கும் வைத்திருக்கிற ஒருவர் குசினிக் கதவைத் தட்டுவதற்குப் பயப்பட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

துவக்கை ட்ரக்கிலேயே பூட்டிவிட்டுப் போனோம். றப்பர் பூட்ஸோடு பண்ணைக்கார அம்மா கதவைத் திறந்தா.

"போன வருசம் ஆரோ படலையைத் திறந்து விட்டிட்டுப் போட்டான்," என்றா. "நாகு மாடுகள் றோட்டுக்குப் போட்டுது."

"அது நானில்லை."

"நீரெண்டு நான் சொல்லேல்லை. அவனும் இப்பிடித்தான் தொப்பியைக் கழட்டிக் கேட்டவன்." பிறகு என்னைப் பார்த்தா. "இவர் ஆர்? உமக்கென்ன வேணும்?"

"பன்றி," என்றேன். அவவுக்கு விளங்கவில்லை. "கிரவுண்ட் ஹொக். கறி வைக்க." பையையும் எடுத்து விரித்துக் காட்டினேன்.

வெள்ளைக்காரர் நிலத்தைப் பார்த்தார். அவருடைய கழுத்து சிவந்துபோனது. அந்த அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. சிரித்து முடிய என்னைக் குசினி யன்னலுக்குக் கூட்டிப்போனா. மேய்ச்சல் தரையில் மண்ணிற மாடுகளும் ஒரு கறுப்பு மாடும் நின்றன. அவற்றுக்கு அங்கால் ஒரு மண்மேட்டில், வீங்கிப்போன அணில் மாதிரி ஒன்று நிமிர்ந்து நின்றது.

"உதுதான் உம்மட பன்றி."

அண்ணை வறுத்த தூள் இனிக் கோழிக்குத்தான் என்று அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அது கத்துமா? விசிலடிக்கும் என்றா. ஸ்னோவுக்கு எங்கே போகும்? வளைக்குள் நித்திரை. வளைக்கு எத்தனை வாசல்? அது எனக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது, அதுதான் பிரச்சினை என்றா. வெள்ளைக்காரர் வாசலில் கால் மாற்றி மாற்றி நின்றார்.

கடைசியில் அவ சொன்னா: "இண்டைக்கு மட்டும். மாடு நிக்கிற பக்கம் ஒரு வெடி போனாலும் பிறகு இஞ்ச வரவேண்டாம். இவர் துவக்கைத் தொடக்கூடாது."

எனக்குத் தொட ஆசையும் இல்லை.

படலையை மூடி, மூடியதா என்று அவர் ஆட்டிப் பார்த்தார். ட்ரக்கிலிருந்து எடுத்த துவக்கைக் குண்டு போடாமல் திறந்தபடி பிடித்து, வாயை நிலத்துக்குக் காட்டி நடந்தார். எதிரே மண் சரிவாக உயர்ந்திருந்த இடமாகப் பார்த்துப் படுத்தோம். "குண்டுக்குப் பின்னால மண் இருக்கவேணும், வானம் இருக்கக்கூடாது," என்றார். பைனாகுலரைத் தந்து மாடுகளைப் பார்க்கச் சொன்னார்.

முதல் வெடியில் ஒன்று விழுந்தது. போய்ப் பார்த்தேன். மஞ்சள் பல்லு, சின்னக் காது, புல்லுப் பிடுங்குகிற ஆளின் கை மாதிரி முன்னங்கால். அதன் வளைக்குள்ளேயே போட்டு மூடினோம்.

இரண்டாவது இன்னும் பெரிசு. சரிவில் ஆறுதலாக இருந்தது. அவர் குண்டு போட்டுக் குறி வைத்தார். நான் மாடுகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன்.

"பொறுங்கோ. கறுப்பைக் காணேல்லை."

"எங்கையாவது படுத்திருக்கும்."

"எங்கை?"

அவர் ஏதோ முணுமுணுத்தார். ஆனாலும் குண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சரிவின் அடியில் புல்லு உயரமாக இருந்தது. மாடு படுத்திருந்தால் தெரியாது. நான் பற்றை பற்றையாகத் தேடினேன். அந்தப் பிராணி எங்களைப் பார்த்தது, வயிற்றைச் சொறிந்தது, பிறகு உள்ளே போய்விட்டது. மத்தியானம் வரை வெளியே வரவில்லை. கறுப்பு மாடும் வரவில்லை.

திரும்பும்போது அம்மா படியில் நின்றா. "ஒரு வெடிதான் கேட்டுது."

"கறுப்பு மாட்டைக் காணேல்லை," என்றார் அவர், எரிச்சலை மறைக்காமல். "இவர் விடேல்லை."

"அது கொட்டிலுக்க நிக்குது. நீங்கள் போன கையோட பாத்தன், நொண்டுது. பின்பக்கத்தால கொண்டுவந்து கட்டினனான்."

அவர் தன் தொப்பியைப் பார்த்தார். சுடாமல் விட்ட அந்த வெடிக்கு என்னைத்தான் ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"இனி வரேக்க எந்த மாடு எங்கை நிக்குதெண்டு முதல் என்னட்டைக் கேட்டிட்டுப் போங்கோ," என்று சொல்லிவிட்டு அவ உள்ளே போனா.

ட்ரக் றோட்டில் ஏறியபிறகுதான் கேட்டேன், "அவ ஓம் எண்டவவோ, இல்லையெண்டவவோ?"

"இனி வரேக்க எண்டவ," என்றார் அவர். "காதில விழேல்லையோ?"