அமாவாசையன்று வந்த விசாரணை

என் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகையை நிறுத்தியவர் என் பெரியப்பா. சர்க்கார் மேலும் விதி மேலும் பழி போட்டது போதும். என் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், எங்கள் தெரு நெசவாளர் சங்கத்தின் செயலாளர், இரண்டே வரி எழுதி நிறுத்தினார். இதைச் சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று ஐம்பது வருஷமாக என் வாயை அடைத்துவந்தார்கள். போனால் போகட்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு தறி. பட்டுச்சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமும் என்றால் ஒருவர் மட்டும் நெய்ய முடியாது. அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாவைச் சரியான நேரத்தில் தள்ள வேண்டும். அதற்குக் கோர்வை போடுவது என்று பெயர். கல்யாணமான மறுமாதத்திலிருந்து அந்த இடத்தில் உட்கார்ந்தவள் அம்மா. நான் வயிற்றில் இருந்தபோதும் உட்கார்ந்தாள். ஆனால் சங்கத்துப் பாஸ்புக்கில் அப்பா பெயர் மட்டும்தான். தன்னையும் உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லி அம்மா ஒருமுறை கேட்டதற்குப் பெரியப்பா சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா நீ, புருசனுக்குக் கை ஒத்தாசை பண்றதெல்லாம் ஒரு தொழிலா? அப்புறம் சோறு ஆக்குறதுக்கும் ஒரு பாஸ்புக் கேப்ப போல இருக்குதே!"

ஐப்பசி மழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் நமுத்துப்போகும். வாரக்கணக்கில் வேலை நிற்கும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இரண்டு வேளைதான் உலை வைப்பார்கள். மாதச் சம்பளம் ஒன்று வீட்டுக்குள் வந்தால்தான் இது தீரும் என்று அம்மா முடிவு செய்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். பால்வாடி டீச்சர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரையும் கேட்காமல் மனு போட்டாள். பத்து மாதப் படிப்பு. பிள்ளை பெற்ற பெண்கள் புது வேலைக்குப் படிக்க வந்தால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஒரே ஒரு நிபந்தனை, அவர்களுக்கு வேறு தொழில் இருக்கக் கூடாது. அம்மாவுக்கு அதில் சிக்கலே இல்லை. அவளுக்குத் தொழில் கிடையாது என்று சங்கமே அத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததே! அவளுக்குத் தொழில் இல்லை என்று சான்று கேட்ட தாளில் பெரியப்பா தாராளமாகக் கையெழுத்துப் போட்டார்.

அம்மா எழுந்துபோன இடத்தில் யார் உட்காருவது? அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தங்கை. வந்தவள் தறியில் உட்காருவதற்கு முன்பே பேரம் பேசினாள்.

"அண்ணி சும்மா உக்காந்தாங்க. நான் உக்கார மாட்டேன். மாசம் பொறந்தா கூலி வந்துடணும், இப்பவே சொல்லிட்டேன்."

"ஏன்டி, கூடப்பொறந்தவன்கிட்டயா கூலி கேக்கற?" என்றார் அப்பா.

"கூடப்பொறந்ததுக்கு தீபாவளிக்கு சேலை எடுத்துக் குடு. காலைலேர்ந்து குந்திக்கினு நாடா தள்றதுக்குக் கூலி குடு."

அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கைக்கு வந்த உதவித்தொகை அப்படியே அத்தை கைக்குப் போனது. அத்தை எங்கள் பணத்தைக் கொள்ளையடிக்கிறாள் என்று நான் நம்பினேன். அந்த இடத்துக்கு ஒரு விலை இருந்தது என்பது எனக்குப் புரியவில்லை.

தெருவில் இருந்த பெண்களுக்குப் புரிந்துவிட்டது. குழாயடியில் வேறு பேச்சே இல்லை. "கோர்வைக்கு மாசக் கூலியாமே! அப்ப நமக்கு இன்னாடி குடுக்கறாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "வசவு குடுக்கறாங்களே, அது பத்தலையா?" என்றாள் இன்னொருத்தி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்பு வீட்டுக்குள் போய்ச் சண்டையானது. எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒருத்தி, கூலி என்னவென்று சொன்னால்தான் தறியில் உட்காருவேன் என்று இரண்டு நாள் பிடிவாதமாக இருந்தாள். ஆண்கள் பெரியப்பாவிடம் போனார்கள். "உன் தம்பி வூட்லேர்ந்துதான்பா இந்த வியாதி வந்துச்சு" என்றார்கள்.

பெரியப்பா வியாதிக்கு மருந்து கண்டுபிடித்தார். உதவித்தொகை கொடுத்த அலுவலகத்துக்கு எழுதினார். "மேற்படி பெண்மணி எங்கள் சங்கத்து வேலையைச் செய்யும் நெசவாளி. காலையிலும் மாலையிலும் தறியில் வேலை செய்து வருகிறார்." அவ்வளவுதான்.

விசாரிக்க அந்த அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். எந்த நாளில் வரலாம் என்று அவர் கேட்டு எழுதியதற்கு, நாளைக் குறித்துக் கொடுத்தவர் பெரியப்பா. அமாவாசை. அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் எந்தத் தறியும் ஓடாது. வேறு எந்த நாள் வந்திருந்தாலும் அம்மாவின் இடத்தில் அத்தை உட்கார்ந்திருப்பதை அந்த அம்மாள் கண்ணால் பார்த்திருப்பார். அன்று தறியின் மேல் வேட்டி போர்த்தியிருந்தது. அம்மா பயிற்சிக்குப் போயிருந்தாள். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டில் நான் ஒருத்திதான்.

"இந்தத் தறியில யாரும்மா நெய்வாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

பின்னால் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. காரணம் இருக்கிறது. ஒரே சேலையில் இரண்டு கை பட்டால் கரை ஒரு இடத்தில் இறுகும், ஒரு இடத்தில் தளரும். சங்கத்தில் சேலையை விரித்துப் பார்க்கிறவர் பெரியப்பாதான். குறை தெரிந்தால் கூலியைக் குறைப்பார். அத்தை வந்தபோது தறியில் இருந்த சேலையில் முதல் பாதி அம்மா போட்டது. "அத்தை கோர்வை போடறதைப் பெரிப்பாகிட்ட சொல்லிடாத" என்று அப்போது எனக்குச் சொல்லி வைத்த அப்பா, அந்தச் சேலை இறங்கிய பிறகும் அதை மாற்றிச் சொல்லவில்லை. தெருவுக்கே தெரிந்த ரகசியத்தை நான் ஒருத்தி மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அதனால் அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு, பெரியப்பா காதில் விழவேண்டிய பதிலைச் சொன்னேன்.

"அப்பாவும் அம்மாவும்தான். வேற யாரும் தொடவே மாட்டாங்க. எங்க அம்மா கோர்வை போட்டா ஒரு இழை வெலகாது. இந்தத் தெருவுலயே எங்க அம்மாதான் ஒசத்தி!"

அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். பெரியப்பா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார். எங்கள் கூலியைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று முழுவதும் நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த மாதம் பணம் வரவில்லை. காரணம் எழுதிய கடிதம் வந்தது. இன்னும் நாலு மாதப் படிப்பு பாக்கி. அம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே சங்கத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"என்னை நெசவாளின்னு எழுதிட்டீங்களாமே மாமா. ரொம்ப சந்தோஷம். அப்படியே என் பேர்ல பாஸ்புக்கைக் குடுத்துடுங்க, வாங்கிக்கினு போறேன்."

சேலை கொடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது ஆபீசுக்கு எழுதுனதும்மா. சங்கத்துக்கு செல்லாது."

அப்பா இதற்கும் வாய் திறக்கவில்லை. அண்ணன் முன்னால் அவருக்குக் குரலே வராது. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வாய் திறந்தவள் அத்தை. "நீ படிச்சி முடி அண்ணி. எங்கூலி எங்க ஓடிடப்போவுது? ஆனா சும்மா இல்ல, ஞாபகம் வச்சிக்க" என்று சொல்லி, நாலு மாதமும் வந்து உட்கார்ந்தாள். அம்மா படித்து முடித்தாள். மாகறல் பக்கத்துப் பால்வாடி ஒன்றில் வேலை கிடைத்தது. அத்தையின் பாக்கி முதல் சில மாதச் சம்பளத்திலேயே தீர்ந்தது. பிறகு எந்த மழைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. ஆக, பெரியப்பா ஜெயிக்கவில்லை. அதற்காக அவர் செய்தது இல்லையென்று ஆகிவிடாது.

கடிதம் வந்த அன்று நான் சொன்னதை யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அடிப்பாள் என்று மூலையில் ஒளிந்தேன். அவள் என்னை இழுத்து எதிரில் நிறுத்தி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன், எங்க அம்மாதான் ஒசத்தி என்று. "இதுல இன்னா பொய் இருக்குது? யார் கேட்டாலும் இதையே சொல்லு" என்றாள். நான் செய்த தப்பை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள் என்று தெரியவில்லை.

பெரியப்பா, உங்களுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. சங்கத்துப் பொதுக்கூட்டத்தில் இன்னும் உங்களைத்தான் முன்வரிசையில் உட்காரவைக்கிறார்கள். வருகிற கூட்டத்தில் உங்கள் கையில் மைக்கைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். என் அம்மா நெசவாளியா, இல்லையா? ஆமாம் என்றால் அவள் பாஸ்புக் எங்கே? இல்லை என்றால் அந்த இரண்டு வரியை எதற்கு எழுதினீர்கள்? என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டாம். அங்கே, கூட்டத்துக்கு வரும் அத்தனை பெண்கள் முன்னால் எழுந்து நின்று சொல்லுங்கள்.