அப்பாவுக்கு நான் கிராணியான நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தம்போய் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில் நான் கிராணியாக, ஆள்பேர் பதியும் குமாஸ்தாவாக இருந்தேன். வேறொரு தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் ரப்பர்ப் பாலுக்காக மரப்பட்டை சீவிய என் அப்பா, நினைவு கலங்கிப்போய் எங்களோடு இருந்தார். சாப்பிட்ட கை காயுமுன் சாப்பாடு கேட்பார். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பதினேழு தடவை.

அவர் குளித்துப் பதினோரு நாளாகியிருந்தது. வேட்டியிலேயே எல்லாம் போய்விடும். வாளியைக் கண்டால் எட்டி உதைப்பார். முதுகில் இரண்டு புண். தினமும் நான்கு வேட்டி துவைத்து என் மனைவிக்கு விரல் இடுக்கெல்லாம் வெந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை அவள் சொன்னாள்: "இன்னிக்கு அவரு குளிக்கலன்னா, நாளைக்கு நான் பத்து பாகாட் ஊருல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

சும்மா சொல்கிறவள் இல்லை. பதறிப்போய் அப்பாவிடம், "நான் உங்க மகன்பா, குளிக்க வாங்க" என்று கெஞ்சினேன். ஆறாவது தடவை அவர் எழுந்து, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகட்டி நின்றார்.

"கிராணி ஐயா, வேலைக்கு வந்துட்டேன். பேரு போட்டுக்குங்க."

பெற்ற தகப்பன் என் முன்னால் கைகட்டி நிற்கிறார். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

"அழுது என்ன ஆவப்போவுது?" என்றாள் மனைவி. "மகன் சொன்னா கேக்கல, கிராணி சொன்னா கேப்பாரு. தொப்பியப் போட்டுக்கிட்டு வாங்க."

"அப்பாவப் போயி அதட்டச் சொல்றியா?"

"காலையில பெரட்டுல பேரு கூப்பிட்டு முந்நூறு பேர அதட்டுறீங்க. இன்னும் ஒருத்தரு."

தொப்பியும் பெயர்ப் புத்தகமுமாக வாசலில் நின்று அப்பாவின் பெயரைக் கூப்பிட்டேன். அதுவரை என் வாயால் சொல்லாத பெயர்.

"இருக்கேன் ஐயா!" குரல் கணீரென்று வந்தது.

"பெரட்டுக்கு இப்படியா அழுக்கா வர்றது? போ, குளிச்சிட்டு வா. அப்பத்தான் பேரு!"

அப்பா கிணற்றடிக்கு ஓடினார். ஆமாம், ஓடினார். மனைவி பன்னிரண்டு வாளி ஊற்றினாள். ஒன்றைக்கூட அவர் உதைக்கவில்லை. துவட்டிவிட்ட அவளிடம் ரகசியமாக, "இந்தக் கிராணி கோவக்காரன். ஆனா நல்லவன்" என்றார்.

"நீங்கதான் மெச்சிக்கணும்" என்று அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

அவள் போகவில்லை. தினமும் பெரட்டு வைத்தோம். அப்பா கண்மூடும்வரை நானூற்றுப் பன்னிரண்டு பெரட்டு. ஒரு நாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை.