ஐந்தாவது கேள்வி

பட்டறையில் அவளுக்கு 'அளவு அக்கா' என்று பெயர். போல்ட்டுகளுக்கும் கதவுக் கீல்களுக்கும் துத்தநாக முலாம் பூசும் சின்னப் பட்டறை. ஆறு பேருக்கு வேலை. முலாம் பூசிய சாமான்களைக் கழுவிய தண்ணீரில் அமிலம் இருக்கும். அதில் சுண்ணாம்பு கலந்து, கசடு தங்கவிட்டு, தெளிந்த நீரை மட்டும்தான் பின்பக்க வாய்க்காலில் விட வேண்டும் என்பது சட்டம். விடும் நீரைக் காலையிலும் மாலையிலும் ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு, அமில அளவு காட்டும் கருவியை முக்கி, அது காட்டும் எண்ணைச் சுவரில் தொங்கும் நோட்டில் எழுதுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதை அவள் இன்னொருவர் கையில் விட்டதில்லை. காய்ச்சல் வந்தபோதுகூடக் குவளையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, கட்டிலில் உட்கார்ந்தபடியே அளந்தாள்.

"ஏழுன்னா நல்ல தண்ணி. ஆறுக்குக் கீழ இறங்குச்சுன்னா அமிலம் ஏறிடுச்சு, அது தண்ணி இல்ல, வம்பு" என்பாள்.

பட்டறை அவள் கணவருடையது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். தொட்டியில் எழும் குமிழியைப் பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால் படிவம் என்று ஒன்றைக் கண்டால் பேனாவை அவள் பக்கம் நகர்த்திவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான்கு படிவம், ஒவ்வொன்றும் மூன்று நகல். அவள் எழுதுவாள், அவர் பன்னிரண்டு இடத்தில் கையெழுத்துப் போடுவார். "ஒரே நம்பரைப் பன்னெண்டு தடவை எழுதினாத்தான் கவர்மென்ட்டுக்குத் தாகம் தீரும்போல" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அவளும் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

பிறகு ஒருநாள் காகிதச் சுமையைக் குறைக்கப் புது விதி வந்தது. இனி எல்லாம் கணினி வழி. ஓர் எண்ணை ஒரு தடவை பதிந்தால் போதும். இந்த நல்ல செய்தியைச் சொல்ல வந்த சுற்றறிக்கை நாற்பத்திரண்டு பக்கம் இருந்தது. மாஸ்டர் அதைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

கையெழுத்துக்குப் பதிலாக இனி கடவுச்சொல். அதற்கும் மேலே, ஐந்து ரகசியக் கேள்விகளுக்கு அவரே பதில் பதிந்து வைக்க வேண்டும். அறிக்கையை அனுப்பும்போதெல்லாம் அந்த ஐந்தில் ஏதாவது ஒன்றைக் கணினி கேட்கும். மூன்று முறை தப்பாகச் சொன்னால் கணக்குப் பூட்டிக்கொள்ளும்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் ஒற்றை விரலால் தட்டினார். முதல் வேலை செய்த இடம், படித்த பள்ளிக்கூடம், பிடித்த நிறம், பிறந்த ஊர். நான்கு முடிந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லோடு வந்து நிற்க, அவள் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவர் ஐந்தாவதையும் முடித்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் செய்தவர்போல் விரலில் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் எண்களை அவள் பதிவாள். கடைசிப் பொத்தானை மட்டும் அவர் வந்து அமுக்குவார். அமுக்கிவிட்டு, "போட்டாச்சு கையெழுத்து, ஒரு காபி குடு" என்பார்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

பதினைந்தாம் நாள் அவள் பட்டறையைத் திறந்தாள். ஆறு குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வது? அந்த மாதமே அறிக்கையின் கெடுவும் வந்தது. எண்களைப் பதிந்தாள். கடைசிப் பொத்தான் வந்தது. அவரிடமிருந்து தெரிந்துகொண்ட கடவுச்சொல்லை அடித்தாள். பிடித்த நிறம் என்ன என்று கேட்டது. நீலம் என்றாள். "நன்றி" என்று அவர் பெயரைப் போட்டுச் சொன்னது கணினி. அவள் சற்று நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு என்று தெரியாமலில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு யாராவது நன்றி சொல்லிக் கேட்டு நாளாகியிருந்தது.

அப்படியே நான்கு அறிக்கை போய்விட்டது.

ஐந்தாவது அறிக்கையில்தான் சிக்கல். அந்த மாதம் நான்காம் தேதி, சுண்ணாம்பு ஊற்றும் பம்ப்பின் குழாய் அடைத்துக்கொண்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. மாலையில் அவள் குவளையை முக்கியபோது கருவி நாலு புள்ளி எட்டு என்றது. ஓடிப்போய் வாய்க்காலுக்குப் போகும் வழியை அடைத்தாள். அதற்குள் நான்கு மணி நேரம் அமிலத் தண்ணீர் வெளியே போயிருந்தது. சிவப்புப் பேனாவால் நோட்டில் எழுதினாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த நோட்டில் ஏறிய முதல் சிவப்பு.

கெடு முடியும் நாள் காலையில் கணினி முன் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் கொழுந்தன் நின்றான். தொட்டிகளை அவன்தான் இப்போது பார்த்துக்கொள்கிறான். சட்டம் படிக்காமலேயே எதற்கும் வாதாடுவதால் பட்டறையில் அவனுக்கு 'வக்கீல்' என்று பெயர்.

"நாலைத் தூக்கிட்டு ஏழுன்னு போடுங்க அண்ணி. வாய்க்கால் என்ன சாட்சி சொல்லவா வரப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"அதான் சொல்றேன். எனக்குத் தெரியும்."

நாலு புள்ளி எட்டு என்றே பதிந்தாள். கடவுச்சொல் அடித்தாள். இதுவரை வராத கேள்வி வந்தது: 'சிறு வயதில் உங்கள் நெருங்கிய நண்பர் யார்?'

அவளுக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எந்தக் கோபம் எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் அத்துபடி. இது தெரியவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்த லேத்துக்காரர் பெயரை அடித்தாள். தவறு. பக்கத்துத் தெரு அச்சகக்காரர் பெயரை அடித்தாள். தவறு. இன்னும் ஒரு முயற்சி மீதம் என்றது கணினி.

"யாருப்பா உங்க அண்ணனுக்கு ஃபிரெண்டு?"

வக்கீல் தலையைச் சொறிந்தான். "அவனுக்கு ஏது ஃபிரெண்டு? எப்பப் பாரு ஒரு நாயோட சுத்துவான். மந்திரின்னு பேரு. அது செத்தப்ப ரெண்டு நாள் சாப்பிடல." சட்டென்று கண் விரிந்தது. "அண்ணி! அதுதான். அடிங்க, மந்திரி!"

விரலை எழுத்தின் மேல் வைத்தாள். சரியாக இருந்தால் வேலை முடிந்தது. தப்பாக இருந்தால் கணக்குப் பூட்டிக்கொள்ளும், கெடு தவறும், அனுமதியை நிறுத்திவைப்பார்கள், ஆறு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனால் அவள் விரல் நின்றது அந்தப் பயத்தால் அல்ல. கேள்விக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. எப்போதும் இருப்பதுதான், இன்றுதான் படித்தாள். 'இதில் கண்டவை அனைத்தையும் நான் நேரில் அறிவேன். இவற்றுக்கு நானே பொறுப்பு.' அதற்குக் கீழே அவர் பெயர்.

"என்ன அண்ணி யோசனை?"

"அந்த நாலு புள்ளி எட்டு உங்க அண்ணன் தலையில விழும்பா."

"விழட்டுமே. அவன் என்ன ஜெயிலுக்கா போகப்போறான்?"

"இருந்தவரைக்கும் ஒரு சொட்டு தப்பா விட்ட மனுஷன் இல்ல. போனதுக்கப்புறம் அவர் விட்டார்னு எழுதவா? நான் பார்க்காம விட்டது அது."

வக்கீல் தொட்டிப் பக்கம் போனான். அவள் கணினியை மூடி, நோட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினாள்.

சுற்றுச்சூழல் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. கோப்புகள் இருந்த இரும்பு அடுக்குகள் காலியாகி, இப்போது அவற்றில் ஊழியர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் வரிசையாக நின்றன. பெண் அதிகாரி ஒருவர், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கு மேடம்" என்றாள் அவள்.

"ஓ. சொல்லுங்க. யார் பேர்ல இருக்கு கணக்கு?"

"எங்க வீட்டுக்காரர் பேர்ல."

"அப்ப அவரைத்தான் வரச் சொல்லணும்."

"அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு மேடம்."

அதிகாரி திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "மூணு மாசம் முன்னாடி கையெழுத்துப் போட்டிருக்காரே?"

"அது நான் போட்டது. நாலும் நான் போட்டது."

"ஏம்மா, பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்குல்ல?"

"நான் யாருக்கும் சொல்லலையே மேடம். அவர்தான் எனக்குச் சொன்னார்."

அதிகாரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நோட்டுகளைக் கேட்டு வாங்கி, நடுநடுவே புரட்டி, ஏழெட்டுத் தேதிகளைத் திரையோடு ஒப்பிட்டார். எல்லாம் ஒத்துப்போனது. சிவப்புப் பேனாவால் எழுதிய பக்கத்தில் விரலை வைத்தார்.

"எல்லாம் நீங்க அளந்ததா? அவர் அளந்ததே இல்லையா?"

"அவருக்கு அந்தக் கருவியை எப்படிப் பிடிக்கணும்னே தெரியாது."

"அப்படின்னா, அவர் இருந்தப்ப 'நேரில் அறிவேன்'னு போட்ட கையெழுத்தும்..." என்று தொடங்கிய அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வேணாம். நான் கேட்கல, நீங்க சொல்லல."

கையெழுத்திடுபவர் இறந்துவிட்டால், ஆள் மாற்ற மனுக் கொடுக்கும் நாளிலிருந்து பதினைந்து நாள் அவகாசம் தர விதியில் இடமிருந்தது. அதுவரை அனுமதிக்கு ஆபத்தில்லை. அந்த நான்கு அறிக்கைகளுக்கும் அவள் விளக்கக் கடிதம் தந்து, தன் பெயரில் மறுபடி பதிய வேண்டும்.

"ஆள் மாத்துற படிவம் ஆன்லைன்ல கிடையாது. பேப்பர்லதான். மூணு காப்பி" என்றார் அதிகாரி, கொஞ்சம் கூச்சத்தோடு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதிகாரி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

"கணக்கு மாறினதும் இந்த நாலு புள்ளி எட்டு உங்க பேர்லதான் ஏறும். நோட்டீஸ் வரும், பதில் சொல்லணும். தெரியுமில்ல?"

"அதுக்குத்தான் மேடம் வந்தேன்."

போகும்போது வாசலில் நின்று கேட்டாள். "அந்த அஞ்சாவது கேள்விக்கு அவர் என்ன எழுதியிருந்தார்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"

"எங்களுக்கே தெரியாதும்மா. இங்க வெறும் புள்ளி புள்ளியாத்தான் தெரியும்."

பன்னிரண்டாம் நாள் அவள் பெயரில் கணக்குத் திறந்தது. கேள்விகளை அவளே தேர்ந்தெடுக்கலாம். நான்கை முடித்துவிட்டு, ஐந்தாவதாக அந்த நண்பர் கேள்வியையே எடுத்தாள். வக்கீல் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன எழுதுறீங்க?"

"யாருக்கும் சொல்லக் கூடாது. விதி."

நாலு புள்ளி எட்டு, நான்கு மணி நேரம், காரணம்: குழாய் அடைப்பு, கவனிக்கத் தவறியது நான். பொத்தானை அமுக்கினாள். "நன்றி" என்று அவள் பெயரைப் போட்டுச் சொன்னது கணினி. அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தச் சமயம் அலமாரியிலிருந்த அவருடைய கைபேசி சிணுங்கியது. அதை இத்தனை மாதமும் அவள் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். எடுத்துப் படித்தாள். 'தங்கள் வேண்டுகோளின்படி தங்கள் கணக்கு மூடப்பட்டது.'

"இவர் எப்போ கேட்டாராம்?" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மணி ஐந்தாகியிருந்தது. கைபேசியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, குவளையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஏழு புள்ளி ஒன்று. நோட்டில் எழுதினாள். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, எண்ணுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டாள்.