திமிங்கலப் புத்தகமும் ஸ்கேனர் மிஸ்ஸும்

எங்கள் தொடக்கப்பள்ளி நூலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த அக்கா என்னைவிட வயதில் மூத்தவர். அதற்கு முன்பு ஒரு துணிக்கடை வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடையை ஒரேயடியாக மூடிவிட்டதும், அஞ்சல்வழியில் நூலகப் படிப்பை முடித்துவிட்டு இங்கே வந்தார். ஒரு பருவம் என்னோடு வேலை பழக வேண்டும். பருவ முடிவில் புத்தகங்களைச் சரிபார்க்கும்போது எதுவும் குறையவில்லை என்றால் என் இடம் அவருக்கு, எனக்கு வேறு பள்ளி. குறைந்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று தலைமை ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும்.

முத்திரை குத்துவது, கிழிந்த பக்கத்தை ஒட்டுவது எல்லாம் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஈ காக்கையைக்கூட நம்ப மாட்டார். முதல் வகுப்பு வாண்டுகளுக்குக் கதை சொல்லும்போதும் கண் அவர்கள் கையில்தான் இருக்கும். சிரிக்கிற பிள்ளை என்றால் சந்தேகம் இன்னும் கூடும். நான் கிளம்பும்போது என் கைப்பைமேலும் ஒரு பார்வை விழும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகள் அவருக்கு ஸ்கேனர் மிஸ் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் காலையில் பெரிய திமிங்கலப் படப்புத்தகத்தைக் காணவில்லை.

“எங்கயும் போயிருக்காதுக்கா. பிடிச்ச புத்தகத்த வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு பசங்க அகராதிக்குப் பின்னாடி சொருகி வச்சிட்டுப் போவாங்க” என்றேன்.

“நீங்க ரொம்ப வெள்ளந்தி. கடையிலயும் மாட்டினவங்க எல்லாம் இப்படித்தான் கதை சொல்வாங்க.”

அகராதிகளை எல்லாம் இறக்கிப் பார்த்தோம். இல்லை. எனக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது, பொய் சொல்வானேன்.

மூன்றாம் வகுப்பில் ரெட்டைச்சடை என்று ஒருத்தி. மற்றவர்கள் இடைவேளையில் விளையாடப் போனால் இவள் நூலகத்துக்கு வருவாள். போகும்போது பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவாள்.

“பையைக் கட்டிப்பிடிச்சா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம். எத்தனை பேரைப் பாத்திருக்கேன்” என்றார் அக்கா.

அன்று மதியம் வாசலை மறித்து நின்றார். நான் “வேணாம்க்கா” என்று எழுந்திருப்பதற்குள், வரிசையில் நின்ற பிள்ளைகள் முன்னால் பையைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டார். பாடநூல்கள், சாப்பாட்டு டப்பா, ஈரக் கைக்குட்டை. அவ்வளவுதான். பையின் வார் எப்போதோ அறுந்து தொங்கியது. அதனால்தான் பாவம், அணைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

“திமிங்கலம் எங்க?” அப்போதும் அக்கா விடவில்லை.

அவள் அழவில்லை. நேராக மூலைக்குப் போய், பழைய செய்தித்தாள் கட்டுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தாள். “இன்னும் கொஞ்சம் பக்கம் இருக்கு மிஸ். அதான் வச்சிருந்தேன்” என்று மேசையில் வைத்துவிட்டு, சிதறியதை அள்ளிக்கொண்டு போனாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அக்காவோடு பேசவில்லை.

அதன்பிறகு ரெட்டைச்சடை நூலகத்துப் பக்கமே வரவில்லை. அக்கா பை பார்ப்பதை நிறுத்திவிட்டார். இடைவேளை மணி அடித்தால் வாசலைப் பார்ப்பார். திமிங்கலப் புத்தகத்தை யார் கேட்டாலும் தரவில்லை. அவளுக்காகத் தன் மேசை இழுப்பறையில் பதுக்கி வைத்திருந்தார்.

பருவம் முடிந்தது. ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. வேலை அக்காவுக்கு உறுதியானது. நான் கிளம்புகிற அன்று வாசலில் ரெட்டைச்சடை நின்றாள், பின்னால் இன்னும் சில பிள்ளைகள். அக்கா அவசரமாக இழுப்பறையைத் திறந்து புத்தகத்தோடு எழுந்தார்.

அவள் உள்ளே வரவில்லை. தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். டப்பா, பென்சில், பாடநூல் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். காலிப் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறியும் காட்டினாள். பின்னால் நின்ற பிள்ளைகளும் தங்கள் பைகளைத் திறக்க ஆரம்பித்தார்கள்.

“இப்ப உள்ள வரலாமா மிஸ்?” என்று கேட்டாள்.